சமூகக் காடு வந்தால் கிராமத்தாருக்கு நிஜமாகவே நல்லதா? எதை வைத்துச் சொல்வது?

தும்பைப்பூ:
ஒரு வேலைக்காகச் சமூகக் காடுகள் பற்றிய அறிக்கைகளாகப் படித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் ஒரே அச்சு. இத்தனை ஹெக்டேர், இத்தனை குழு, செயற்கைக்கோள் படத்தில் முன்பு பழுப்பு இப்போது பச்சை, கடைசிப் பக்கத்தில் "மக்களின் வாழ்வாதாரம் மேம்பட்டது" என்று ஒரு வரி. யாருக்கு மேம்பட்டது, எப்படி மேம்பட்டது என்று தேடினால் ஒன்றும் கிடையாது. எனக்கு இரண்டு கேள்வி. காட்டை ஊரார் கையில் கொடுத்ததால் ஊராருக்கு நல்லது நடந்தது என்பதற்கு உருப்படியான சான்று ஏதாவது உண்டா? அப்புறம், ஓர் ஊருக்குப் போய் விசாரிக்க வேண்டுமென்றால் என்ன கேட்டால் விஷயம் வெளியே வரும்? "உங்கள் வாழ்க்கை மேம்பட்டதா" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், அது எனக்கே தெரியும்.

கணக்கன்:
முதல் கேள்விக்கு நான் வருகிறேன். சான்று உண்டு, ஆனால் அறிக்கைக்காரர்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை.

நேபாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள், உலகத்திலேயே நீண்ட நாளாக, பெரிய அளவில் இதைச் செய்து பார்த்த நாடு. 1957இல் தனியார் காடுகளை அரசுடைமை ஆக்கினார்கள். நோக்கம் காப்பாற்றுவதுதான், ஆனால் "இனி நம்முடையது இல்லை" என்றானதும் பல இடங்களில் ஊர்க்கட்டுப்பாடு தளர்ந்துபோனது. 1978இல் கொஞ்சம் ஊராட்சிகளுக்குத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள், 1993 வனச் சட்டத்தில்தான் பயனாளர் குழுக்களுக்குச் சட்டப்படி அதிகாரம் வந்தது. இப்போது 22,000க்கு மேல் குழுக்கள், 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல் காடு அவர்கள் பொறுப்பில். 2019இல் வெளியான ஓர் ஆய்வு, சமூகக் காடு வந்த பகுதிகளையும், மற்ற எல்லா விதத்திலும் அதே மாதிரி இருந்து காடு மட்டும் குழுவுக்குப் போகாத பகுதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. காடழிப்பு 37 சதவீதம் குறைவு. வறுமை 4.3 சதவீதம் குறைவு. இரண்டும் ஒப்பீட்டளவில்தான்.

இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் நல்ல திசையில்தான் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை, ஒரே திட்டத்தில் இரண்டும் கிடைப்பதே அபூர்வம். ஆனால் மரத்துக்குக் கிடைத்தது எங்கே, மனிதனுக்குக் கிடைத்தது எங்கே! இன்னொன்றும் அதே ஆய்வில் இருக்கிறது: தொடக்கத்திலேயே வறுமை அதிகமாக இருந்த இடங்களில் காடழிப்பைக் குறைப்பதிலும் பலன் குறைவு.

ஊர்க்குருவி:
இளவட்டம் எல்லாம் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போய்விட்டால் ஊரில் விறகு வெட்ட யார் இருக்கிறார்கள்? மேட்டுநிலம் தரிசாகும், காடு தானே வரும். இதற்குச் சமூகக் காடு என்று மாலை போடுகிறீர்கள்.

கணக்கன்:
குருவியாரே, அதில் நியாயம் இருக்கிறது. நேபாளத்தின் காட்டுப்பரப்பு 1992இல் 26 சதவீதமாக இருந்தது 2016இல் 45 சதவீதம் ஆனதற்கு ஆள் வெளியேறியதும் ஒரு காரணம், யாரும் மறைக்கவில்லை. அதனால்தான் வெறும் "முன்பு, பின்பு" படங்களை நான் மதிப்பதில்லை. ஒரே மாதிரி இடங்களை ஜோடி சேர்த்து ஒப்பிட்டால் வெளியேறியவர்களின் பங்கை ஓரளவு கழித்துவிடலாம். கழித்த பிறகு மிஞ்சியதுதான் நான் சொன்ன எண்.

பழைய வனவர்:
துறையில் இருந்தவன் என்பதால் உள்பக்கத்திலிருந்து கொஞ்சம். இந்தியாவில் "கூட்டு வன மேலாண்மை" என்று 1990 ஜூனில் மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. அதற்கு முன்மாதிரி மேற்கு வங்கத்தில் மேதினிபூர் பக்கம் இருக்கும் ஆராபாரி. 1970களின் தொடக்கத்தில் அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி, சால் மரக் காடு திரும்பத் திரும்ப வெட்டப்பட்டுப் புதராகிக் கிடந்ததைப் பார்த்து ஊராரிடமே பேச்சு நடத்தினார். நீங்கள் காவல் பாருங்கள், காட்டுவேலை உங்களுக்குத்தான், மரம் விற்கும்போது வருமானத்தில் 25 சதவீதம் உங்களுக்கு. இவ்வளவுதான் ஒப்பந்தம்.

அது ஏன் ஓடியது என்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. சால் மரத்தின் அடிக்கட்டையில் உயிர் இருந்தால் போதும், தானே துளிர்விடும். நட வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆடுமாடும் கோடாலியும் சில வருடம் விலகி இருந்தால் கண்ணெதிரே காடு எழும்பும். அது எழும்பும்போதே இலை, விதை, காய்ந்த கிளை என்று ஊருக்கு ஏதாவது வந்துகொண்டே இருக்கும், பங்குப் பணத்துக்காக வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

இதை அப்படியே எடுத்துப்போய் வேரே செத்துப்போன மொட்டைக் குன்றில் தேக்கை நட்டு "முதிர்ந்ததும் பங்கு தருகிறோம்" என்றால் யார் காத்திருப்பார்கள்? தேக்கு முதிர்வதற்குள் கையெழுத்துப் போட்டவரின் பேரப்பிள்ளைக்குக் கல்யாண வயது வந்துவிடும். அதுவும் நிகர வருமானத்தில்தான் பங்கு, அதாவது வெட்டுக்கூலி வண்டிச்செலவு எல்லாம் கழித்த பிறகு. பல மாநிலங்களில் குழுவின் செயலாளரே எங்கள் துறை ஆள்தான், வங்கிக் கணக்கில் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. ஊராருக்கு நாங்கள் கொடுத்தது காவல் வேலை. முடிவெடுக்கும் வேலையைக் கொடுத்தோம் என்று அறிக்கையில் எழுதினோம்.

சுள்ளிக்கட்டு:
வனவர் ஐயா போகிறபோக்கில் ஒரு வரி சொன்னார் பாருங்கள், "ஆடுமாடும் கோடாலியும் சில வருடம் விலகி இருந்தால்" என்று. முழுக் கதையும் அதற்குள்தான் இருக்கிறது. யாருடைய ஆடு? யாருடைய கோடாலி?

காட்டை மூடுவோம், இனி யாரும் மேய்க்கவோ வெட்டவோ கூடாது என்று தீர்மானம் போடுகிற கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர் வீட்டில் சிலிண்டர் இருக்கும், மாட்டுக்குத் தீவனம் சொந்த வயலிலேயே வரும், வரப்பில் நாலு மரமும் நிற்கும். அவருக்கு மூடல் என்பது நல்ல காரியம், ஊற்று திரும்பும், நிலத்தடி நீர் ஏறும், பத்து வருடத்தில் வீட்டுக்கு உத்திரமும் கிடைக்கும், அத்தனையும் நிலம் உள்ளவனுக்குப் பயன்படுகிற பலன்கள். நிலமே இல்லாமல் நாலு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய் மேய்த்து, தலைச்சுமை விறகு விற்று அன்றன்றைய செலவைப் பார்க்கிற குடும்பத்துக்கு மூடல் என்றால் மறுநாள் காலையிலேயே வருமானம் நின்றுபோகிறது. அவர்கள் ஆட்டை விற்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலையும் விழும். இல்லையென்றால் பக்கத்து ஊர்க் காட்டுக்குப் போவார்கள், அங்கே பிடிபட்டு அபராதம் கட்டுவார்கள். செயற்கைக்கோள் படத்தில் இந்த ஊர்க் காடு பச்சை.

நேபாள மலைப்பகுதியில் கொல்லர் குடும்பங்களுக்கு நடந்தது இதில் அப்பட்டமான உதாரணம். இரும்பைக் காய்ச்ச மரக்கரி வேண்டும். பல குழுக்கள் கரி சுடுவதற்குத் தடை போட்டன, இல்லையென்றால் கட்டணம் வைத்தன. அவர்களோ தலித்துகள், கமிட்டியில் பேச இடமில்லை. அரிவாளும் கொழுவும் ஊரில் எல்லாருக்கும் வேண்டும், அதை அடிக்கிற கரி மட்டும் காட்டுக்கு விரோதம். தெற்கே தராய் சமவெளியில் வேறு விதமான சிக்கல்: காட்டை ஒட்டிப் பிற்காலத்தில் குடியேறியவர்கள் குழுவாகிவிட்டார்கள், தலைமுறை தலைமுறையாகத் தூரத்திலிருந்து வண்டி கட்டி வந்து விறகு எடுத்தவர்கள் "உறுப்பினர் இல்லை" என்று வெளியே நின்றார்கள்.

இதை எதிர்ப்பாகச் சொல்லவில்லை. நான் சமூகக் காட்டுக்கு ஆதரவாளன்தான். ஆனால் "கிராமத்தார்" என்று ஒரே ஆளாக எழுதுகிற அறிக்கையைக் கண்டால் எரிச்சல் வருகிறது. அப்படி ஓர் ஆள் எந்த ஊரிலும் கிடையாது.

தும்பைப்பூ:
அண்ணா, இது மாதிரிதான் எனக்கு வேண்டும். மூடல் வேண்டாம் என்றால் காடு எப்படித் திரும்பும்? அதற்கும் பதில் வேண்டுமே.

சுள்ளிக்கட்டு:
ஒரேயடியாக மூட வேண்டியதில்லை. காட்டைக் கூறு போட்டு ஒவ்வொரு கூறாக மூடலாம், புல் அறுக்க விட்டு மேய்ச்சலை மட்டும் நிறுத்தலாம், ஆடு நம்பிப் பிழைக்கிற வீடுகளுக்குத் தனி மூலை ஒதுக்கலாம். நேபாளத்திலேயே சீரழிந்த காட்டை ஏழைக் குடும்பங்களின் சிறு குழுக்களுக்கு மட்டும் 40 வருடக் குத்தகைக்கு விடும் திட்டம் உண்டு, தீவனப்புல்லும் மரமும் வளர்த்து ஆடு வளர்க்கலாம். பிற்பாடு வழிகாட்டு விதிகளில் குழு வருமானத்தில் 35 சதவீதம் ஏழைகளுக்கான செலவு என்றும் வைத்தார்கள். விதி நல்ல விதி. யார் ஏழை என்று பட்டியல் போடுவதும் அதே கமிட்டிதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மலைமுகடு:
பணம் எங்கே அடைபடுகிறது என்பதை யாரும் தொடவில்லை. காடு இருக்கிறது, பொருள் இருக்கிறது, ஊர் ஏன் ஏழையாகவே இருக்கிறது? விற்க விடாததால்.

மகாராஷ்டிராவில் கட்சிரோலி மாவட்டத்து மேந்தா லேகா ஊரைப் பாருங்கள். வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது, அதில் கிராமசபைக்குச் சமூக வன உரிமை உண்டு, சிறு வனமகசூல், அதாவது வெட்டுமரம் அல்லாத காட்டுப்பொருள், கிராமசபைக்குச் சொந்தம், அந்தப் பட்டியலில் மூங்கிலும் உண்டு. 2009இல் இந்த ஊருக்கு 1,800 ஹெக்டேர் அளவுக்குப் பட்டா மாதிரி உரிமை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. சரி, மூங்கிலை வெட்டி விற்கலாம் என்று போனால் 1927 வருடத்து வனச் சட்டம் குறுக்கே நிற்கிறது, அப்போது அதில் மூங்கிலும் மரக் கணக்கில்தான் இருந்தது. மரம் என்றால் லாரியில் ஏற்ற வனத்துறை பாஸ் வேண்டும். பாஸ் வராது. உரிமை உன்னுடையது, ஆனால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது! கடைசியில் 2011 ஏப்ரலில் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து பாஸ் புத்தகத்தைக் கிராமசபை கையில் கொடுத்த பிறகுதான் விஷயம் நகர்ந்தது. அடுத்த வருடம் விதிகளையும் திருத்தி, பாஸ் கொடுக்கும் அதிகாரம் கிராமசபை அமைக்கும் குழுவுக்கே என்று ஆக்கினார்கள்.

ஒரு சின்னச் சீட்டுப் புத்தகம். அது வனத்துறையிடம் இருந்தால் தரகர் சொன்னதுதான் விலை, ஊரிடம் இருந்தால் ஏலம் விட்டு யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்குக் கொடுக்கலாம். ஆனால் எல்லா ஊருக்கும் அமைச்சர் வர மாட்டார்.

பழைய வனவர்:
மலைமுகடு தம்பி, துறையின் பக்கமும் ஒன்று சொல்கிறேன். பாஸ் என்பது திருட்டு மரத்தைப் பிடிக்க இருக்கிற ஒரே ஆயுதம். அதைச் சும்மா எடுத்துவிட்டால் ஊர்ப்பெயரைச் சொல்லி வெளியூர்க் கும்பல் வெட்டிக்கொண்டு போகும், அதையும் பார்த்திருக்கிறோம். பாஸ் வேண்டும், யார் கையில் என்பதுதான் சண்டை, அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஊர்க்குருவி:
பொதுச்சொத்து யாருக்கும் சொந்தமில்லை, ஆளாளுக்கு ஒரு மாடு கூட விடுவான், கடைசியில் புல்லே இருக்காது என்று அந்த அமெரிக்கப் பேராசிரியர் எழுதியது பொய்யா? ஒன்று அரசு வைத்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் தனியாருக்கு விற்கட்டும்.

கணக்கன்:
கேரட் ஹார்டின் 1968இல் எழுதியதைச் சொல்கிறீர்கள். அவர் வர்ணித்தது கேட்பாரற்ற நிலம், கட்டுப்பாடு உள்ள பொதுநிலம் இல்லை. பிற்காலத்தில் "நிர்வகிக்கப்படாத பொதுச்சொத்து" என்று சொல்லியிருக்க வேண்டும் என்று அவரே ஒப்புக்கொண்டார். எலினார் ஆஸ்ட்ரம் இதைத்தான் ஊர் ஊராகச் சேகரித்துக் காட்டினார், 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண். சுவிட்சர்லாந்தில் டோர்பெல் என்ற மலையூரில் 1517 முதலே ஒரு விதி இருந்தது: குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்கு உன்னால் சொந்தத் தீவனம் போட முடியுமோ அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். நூற்றாண்டுகளாக நின்ற விதி. எளிதில் எண்ணிவிடலாம், ஏமாற்றுவது கஷ்டம். (சொந்த நிலம் பெரிதாக இருப்பவனுக்கு மாடும் அதிகம் என்ற வில்லங்கமும் அதில் உண்டு, சுள்ளிக்கட்டு அண்ணன் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.)

மலைமுகடு:
குருவிக்கு இன்னொரு பக்கமும் சொல்கிறேன், ஊரார் கையில் கொடுத்தால் எங்கும் வெற்றி என்றும் இல்லை. குவாத்தமாலாவின் பெட்டேன் பகுதியில் மாயா உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் 1990களில் ஊர்க்குழுக்களுக்கு 25 வருட உரிமம் கொடுத்தார்கள். தேர்ந்தெடுத்து சில மஹோகனி மரம் வெட்டலாம், ஷாத்தே என்கிற அலங்கார இலையைப் பறித்து ஏற்றுமதி செய்யலாம். கார்மெலிட்டா, உவாக்ஸாக்டூன் மாதிரி, காட்டுப் பிசின் எடுத்தே பிழைத்துப் பழகிய ஊர்களில் அருமையாக நடந்தது, அதே காப்பகத்தின் மேற்குப் பகுதியில் இருந்த தேசியப் பூங்காக்களை விட இவர்கள் காடு நன்றாக நின்றது. ஆனால் மாடு வளர்க்க நிலம் தேடிப் புதிதாக வந்தவர்கள் அதிகம் இருந்த இடங்களில் கவிழ்ந்தது, 2009இல் இரண்டு உரிமங்களை ரத்தே செய்தார்கள். காட்டை வைத்துப் பிழைக்கத் தெரிந்தவர்களுக்கு அதை வைத்தே பிழைக்க வழி இருந்தால் காக்கிறார்கள். மேய்ச்சல் நிலம்தான் அதிகம் சம்பாதிக்கும் என்றால் எந்த உரிமமும் தடுக்காது.

செவ்வந்தி:
இவ்வளவு நேரம் பேசியதில் காட்டுக்குத் தினமும் போகிற ஆளைப் பற்றி அரைவரிதான் வந்தது. விறகும் தீவனமும் பெரும்பாலும் பெண்கள் வேலை. தும்பைப்பூ, நீங்கள் ஊருக்குப் போனால் முதலில் கூட்டம் எத்தனை மணிக்கு, எங்கே என்று கேளுங்கள். சாயங்காலம் சமையல் நேரத்தில், ஆண்கள் உட்காருகிற இடத்தில் என்றால் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

பீனா அகர்வால் குஜராத்திலும் நேபாளத்திலும் வனக்குழுக்களை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். கமிட்டியில் ஒன்றிரண்டு பெண்கள் இருந்தால் வாய் திறப்பதில்லை, நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை ஆனதும்தான் பேச்சும் வருகிறது, முடிவும் மாறுகிறது என்று காட்டினார். நேபாளத்தில் பெண்கள் மட்டுமே உள்ள குழுக்களுக்குப் பெரும்பாலும் சின்னதாக, மோசமான நிலையில் இருந்த காடுகளைத்தான் தள்ளிவிட்டிருந்தார்கள், ஆனாலும் அவர்களுடைய காடுகள்தான் மற்றவற்றை விட நன்றாகத் தேறின. இப்போது அங்கே விதிப்படி கமிட்டியில் பாதிப்பேர் பெண்கள். தலைவர், செயலாளர் இருவரில் ஒருவர் பெண்.

மூடலைப் பற்றி இன்னொன்று. நல்ல விறகு கிடைக்காவிட்டால் அடுப்பு நின்றுவிடாது. சருகு, களைச்செடி, சாணம் என்று எதையாவது எரிப்பார்கள், புகை இரண்டு மடங்கு. இரண்டு மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு அரைநாள் ஆகும், அம்மாவோடு மகளும் போக வேண்டி வரும், பள்ளிக்கூடம் கெடும். எந்த அறிக்கையிலாவது இது இருக்கிறதா?

நல்ல பக்கமும் சொல்லிவிடுகிறேன். ஒடிசாவில் தெங்கபள்ளி என்று ஒரு காவல் முறை. ஒரு தடி இருக்கும். இன்று அந்தத் தடி எந்த வீட்டு வாசலில் இருக்கிறதோ அந்த வீட்டார் காட்டுக்காவல், முடிந்ததும் தடியை அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட வேண்டும். நாலைந்து தடி சுற்றுகிற ஊர்களும் உண்டு. சம்பளம் இல்லை, சீருடை இல்லை. பெண்களே நடத்துகிற ஊர்களும் இருக்கின்றன. திட்டம், நிதி எதுவும் வருவதற்கு முன்பே ஊர்கள் தாங்களாக ஏற்படுத்திக்கொண்டது இது.

ஊர்க்குருவி:
தடி சுற்றட்டும், காட்டுப்பன்றி சுற்றுகிறதே? காடு அடர்ந்தால் பன்றியும் குரங்கும் சிறுத்தையும் வயலுக்கு வருகின்றன. இழப்பீடு கேட்டால் படிவத்துக்கு மேல் படிவம். இதையும் நலன் கணக்கில் சேர்ப்பீர்களா?

சுள்ளிக்கட்டு:
இதில் குருவி கட்சிதான் நான். காட்டை ஒட்டின வயல் யாருடையது என்று பாருங்கள், பெரும்பாலும் சின்ன விவசாயியுடையது. பலன் ஊருக்கெல்லாம், பன்றி அவனுக்கு மட்டும். குழு நிதியில் முதல் செலவு வேலிக்கா, கோயில் மண்டபத்துக்கா என்று கேட்டால் சுவாரசியமான பதில் வரும்.

கணக்கன்:
தும்பைப்பூவின் இரண்டாவது கேள்விக்கு ஒரு எண் மட்டும். 24 நாடுகளில் சுமார் 8,000 குடும்பங்களை ஒரு வருடம் முழுக்கப் பின்தொடர்ந்து செய்த ஆய்வில், குடும்ப வருமானத்தில் ஏறத்தாழ 28 சதவீதம் காடு, புதர், நீர்நிலை மாதிரி இயற்கையிலிருந்து நேரடியாக வந்தது, அதில் பெரும்பகுதி காட்டிலிருந்து. விற்றது மட்டுமில்லை, வீட்டிலேயே எரித்ததும் தின்றதும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஆகவே "எவ்வளவுக்கு விற்றீர்கள்" என்று மட்டும் கேட்டால் நிறைய தப்பிவிடும். வருடத்துக்கு ஒருமுறை கேட்டாலும் தப்பிவிடும், போன மழைக்காலத்தில் எத்தனை நாள் கிழங்கு தோண்டினார் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? அறுவடை முடிந்த கையோடு போகாதீர்கள். கையில் தானியம் தீர்ந்து, வேலையும் இல்லாத மாதங்களில் போங்கள், காடு அப்போதுதான் சோறு போடுகிறது.

தும்பைப்பூ:
எல்லாருக்கும் நன்றி, நான் நினைத்ததை விட அதிகம் கிடைத்தது. இதுவரை நான் குறித்துக்கொண்ட கேள்விகள்: கூட்டம் எப்போது எங்கே, யார் பேசினார். மூடலுக்கு முன் ஆடு எத்தனை, இப்போது எத்தனை, விற்றவர் யார். விறகுக்கு இப்போது எவ்வளவு நேரம், எதை எரிக்கிறார்கள். பாஸ் யார் கையில், விலை சொல்வது யார். காட்டோர வயல்காரருக்கு என்ன கொடுத்தார்கள். வேறு ஏதாவது விட்டுப்போனதா?

சுள்ளிக்கட்டு:
அபராதப் புத்தகம். எல்லாக் குழுவிலும் ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். யார் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே தெருவின் பெயர்களாக வந்துகொண்டிருந்தால் மற்ற கேள்விகளை அந்தத் தெருவிலிருந்து தொடங்குங்கள்.

தும்பைப்பூ:
காட்டுவார்களா?

பழைய வனவர்:
தலைவரிடம் நேராகக் கேட்டால் "பீரோ சாவி இல்லை" என்பார்கள். அதை விடுங்கள். முதலில் தீர்மானப் புத்தகத்தைக் கேளுங்கள், அதைக் காட்டுவதில் யாருக்கும் பயம் இருக்காது. வரவு செலவு எந்தத் தேதியில் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது என்று அதில் பதிவாகியிருக்கும், வாசித்திருந்தால் அபராத வரவும் அதிலேயே ஒரு வரியாக வந்திருக்கும். பிறகு காவலுக்குப் போகிற ஆட்களிடம் பேச்சுக் கொடுங்கள், யாரைப் பிடித்தார்கள் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். கமிட்டிக்காரர் கூடவே வருவார், அவர் டீ குடிக்கப் போகும் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.